கரண்ட் கொடுத்தது யார்?

விடியற்காலையில் கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.), மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறினால், சீட்டுப் பிடித்த கையோடு யாராவது ஆரம்பித்துவிடுவார். "வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் கே.ஜி.எஃப். குட்டி இங்கிலாந்து. ஆசியாவிலேயே ஜப்பானுக்கு அடுத்து கரண்ட் வந்தது நம்ம ஊருக்குத்தான். மைசூர் ராஜாவும் அவனும் கூட்டாளி, ரெண்டு பேருக்கும் லாபம். அவன் போனான், எல்லாம் போச்சு." பல வருஷம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். இனி ஆட்டுவதாக இல்லை.

கரண்டையே எடுத்துக்கொள்வோம். டார்ஜிலிங்கில் 1897-லேயே நீர்மின்சாரம் வந்துவிட்டது. 'ஜப்பானுக்கு அடுத்து' அதோடு சரி. நமக்கு வந்தது 1902 ஜூனில். சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரைத் திருப்பி, ஏறக்குறைய 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்தது மைசூர் அரசு. துணிந்து இறங்கியவர் திவான் சேஷாத்ரி ஐயர். விளக்கு எரிவதைப் பார்க்காமலே 1901-ல் கண்மூடினார். டர்பைன் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ், ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். இங்கே தங்கம் எடுத்த லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்கள் காசு கொடுத்துக் கரண்ட் வாங்கிய வாடிக்கைக்காரர்கள், அவ்வளவுதான். அப்படியும் முதல் பந்தி அவர்களுக்கே: தலைநகர் பெங்களூரின் வீதிகளுக்கு விளக்கு வர 1905 ஆயிற்று.

அடுத்து 'கூட்டாளி'. திப்பு விழுந்த 1799-ல் வெள்ளைக்காரனும் மைசூரும் எழுதிய ஒப்பந்தத்துக்கு நட்பு உடன்படிக்கை போலத்தான் பெயர். கூட்டாளிக்கு யாராவது வருஷாவருஷம் கப்பம் கட்டுவார்களா? மைசூர் கட்டியது, 24.5 லட்சம் ரூபாய். நடுவில் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்ட ஆட்சியை 1881-ல் ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது அதை 35 லட்சமாக்கினார்கள்; பஞ்சக் கடனால் தள்ளிப்போய் 1896-ல் வசூலுக்கு வந்தது. கோலார் தங்கத்துக்கு மைசூர் பெற்ற ராயல்டி ஆரம்பத்தில் நூற்றுக்கு 5. இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்த கணக்கு இது.

குட்டி இங்கிலாந்து? கிளப்பும் பங்களாவும் இருந்தன, மறுக்கவில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் குடியிருந்ததோ வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். 1930-ல் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்றதும் வேலையை நிறுத்தினார்களே, அவர்களிடம் இங்கிலாந்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, 'அவன் போனதும் போச்சு'. சுரங்கம் 1956-ல் அரசுடைமையானது. மூடியது 2001 பிப்ரவரி 28. நடுவில் 45 வருஷம் நம்மவர்களே நடத்தினார்கள். மூடியதற்கான சண்டையை டெல்லியோடு போடுவோம். ரயிலில் பேசுகிறவரின் ஜன்னலுக்கு வெளியே, தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மண்மேடு நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி இன்றும் லைன் வீட்டுச் சோற்றில்தான் விழுகிறது.