வாசற்கதவில் தொங்கும் பேய்
ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் கொண்டாடப்படும் ஹாலோவீனில், அதாவது அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவில், இனிப்புக் கேட்டு வீடு வீடாக வரும் சிறுவர்களை முதலில் எதிர்கொள்வது வாசற்கதவே என்பதால், அதை அச்சமூட்டும்படி அலங்கரிக்க விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கியாக வேண்டும் என்ற எண்ணம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. அவற்றுக்கு மாற்றாக, பாலாடைக்கட்டியை வடிகட்டப் பயன்படும், நெசவு தளர்ந்த மெல்லிய பருத்தித் துணியைக் கிழித்து, கடுந்தேநீரில் ஓரிரவு ஊறவைத்து உலர்த்தினால், அது கல்லறையில் மட்கிய துணியின் பழுப்பைப் பெற்றுவிடுகிறது. விளிம்புகளை விரலால் பிரித்து நூல் நூலாகத் தொங்கவிட்டு, கதவின் மேற்பகுதியில் ஒட்டுநாடாவால் பொருத்தி, கறுப்பு அட்டையில் வெட்டிய இரு கண்குழிகளை ஒன்றுக்கொன்று சற்றே ஏற்றத்தாழ்வாக ஒட்டினால், கதவு திறக்கும்போதெல்லாம் அசைந்தாடும் அவ்வுருவத்துக்கு எந்த நெகிழிப் பொம்மையும் ஈடாகாது. அயர்லாந்தின் நாட்டுப்புற மக்களும் வயலில் விளைந்த டர்னிப் கிழங்கைக் குடைந்தே கோரமுக விளக்குகளைச் செய்தனர். அதற்குப் பூசணிக்காயைக் குடையும் வழக்கம் பிற்பாடு அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் செயற்கை இழையாலான சிலந்திவலையை வீட்டுக்கு வெளியே விரிக்கலாகாது, ஏனெனில் அதில் சிறு பறவைகள் சிக்கிக்கொள்கின்றன; உலர்ந்த துணி எளிதில் தீப்பற்றும் ஆதலால், அதனருகே மெழுகுவத்திக்கு மாற்றாக மின்கலத்தில் எரியும் சிறு விளக்கையே வைக்க வேண்டும்.