தாதாவுக்கு 35 மார்க்

ராத்திரி ரெண்டு மணி வரை 'போர்டுவாக் எம்பயர்' பார்த்துவிட்டு, ஆபீஸில் கொட்டாவி விடும் கோஷ்டியில் நானும் உண்டு. ஹெச்.பி.ஓ.வில் 2010 முதல் 2014 வரை வந்த தொடர். மதுவிலக்குக் கால அமெரிக்கா. அட்லான்டிக் சிட்டியையே பாக்கெட்டில் வைத்திருக்கும் நக்கி தாம்ஸனாக ஸ்டீவ் புஸேமி. நடிப்புக்குத் தாராளமாக 90 மார்க். கடைசியில் 1931-ல் அவரைச் சுட்டுத் தள்ளும்போது, 'அப்பாடா, கணக்கு நேராச்சு!' என்று தூங்கப் போனேன்.

அங்கேதான் சார் ஏமாந்தேன்! நிஜ ஆசாமியின் பெயர் நக்கி ஜான்ஸன். உத்தியோகம், மாவட்டப் பொருளாளர். யாரும் அவரைச் சுடவில்லை. 1941-ல் வருமான வரி ஏய்ப்புக்காக உள்ளே போனார். 1945-ல் வெளியே வந்தார். 1968-ல், 85 வயதில், சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தார். அல் கபோனையே 1931-ல் மாட்டிவிட்டது வரிக் கணக்குதானே?

சீரியலில் கெட்டவனைக் குண்டு தீர்த்துவிடுகிறது. நிஜத்தில் அவன் கிழவனாகிறான். அதைக் காட்டத் தைரியமில்லாததால் சரித்திரத்துக்கு 35தான், ஜஸ்ட் பாஸ்.

நமக்கு ஒரு நிம்மதி. சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரன் ஆசைப்பட்டாலும் தாதா ஆக முடியாது!