பந்தலைப் பிரித்துவிட்டுப் பசுமை பேசுவோருக்கு

வளங்குன்றா வாழ்வைப் பற்றி இந்நாட்டில் மேடையேறிப் பேசியோரின் பட்டியல் ஒன்றையும், அத்தகைய வாழ்வைக் காக்க முயன்று வழக்கு வாங்கியோரின் பட்டியல் ஒன்றையும் தயாரித்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இடம்பெறும் பெயர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருக்கும். முதற்பட்டியலில் அமைச்சர்கள், துணைவேந்தர்கள், நிறுவனத் தலைவர்கள், நம்மைப் போன்ற ஆய்வாளர்கள். இரண்டாம் பட்டியலில் மீனவப் பெண்கள், பழங்குடி உழவர்கள், நிலமற்ற கூலிகள். இவ்விரு பட்டியல்களும் ஏன் சந்திப்பதில்லை என்பதே இப்பதிவின் கேள்வி. நீண்ட பதிவு, பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வளங்குன்றா வாழ்வு என்பது தனிமனிதப் பழக்கங்களின் தொகுப்பன்று. தாம் வாழும் நிலமும் நீரும் காடும் என்னவாக வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையே அதன் அடித்தளம். அவ்வுரிமை மறுக்கப்பட்ட இடத்தில் அது எடுக்கும் கடைசி வடிவம் போராட்டப் பந்தல். பந்தலைப் பிரித்துவிட்டுப் பேசப்படும் பசுமை வெறும் பூச்சு. அந்தப் பூச்சு வேலையில் நம் கல்விப்புலத்துக்கும் பங்குண்டு.

2022 அக்டோபர் 20 அன்று ‘மிஷன் லைஃப்’ தொடங்கிவைக்கப்பட்டது. சுற்றுச்சூழலுக்கு இசைந்த வாழ்க்கைமுறையை மக்களிடம் வளர்ப்பது அதன் நோக்கம் என்றார்கள். பிரதமரும் ஐ.நா. பொதுச்செயலாளரும் மேடையில் இருந்தனர். இடம், குஜராத்தின் ஏக்தா நகர். அதன் பழைய பெயர் கெவடியா. 1961இல் நர்மதை அணைத் திட்டத்தின் குடியிருப்புகளுக்காகக் கெவடியா உள்ளிட்ட ஆறு கிராமங்களில் தட்வி பழங்குடியினரின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. அந்நிலம் நீரில் மூழ்கவில்லை என்பதால், அணையால் பாதிக்கப்பட்டோர் என்ற கணக்கில்கூட அவர்கள் சேர்க்கப்படவில்லை. அதே மண்ணில்தான் இன்று 182 மீட்டர் உயரச் சிலையும் சுற்றுலா வளாகங்களும் நிற்கின்றன. மண்ணோடும் ஆற்றோடும் அளவாக வாழ்ந்தவர்களிடமிருந்து எடுத்த நிலத்தில் நின்றுகொண்டு, அளவாக வாழ்வது எப்படி என்று உலகுக்குப் பாடம் நடத்தினோம்.

அவ்வியக்கம் பரிந்துரைக்கும் செயல்கள் 75. சிவப்பு விளக்கில் வண்டியை அணைத்தல், துணிப்பை கொண்டுசெல்லல், குழாயை மூடுதல் போன்றவை. இவற்றைக் கேலி செய்வது என் நோக்கமன்று. எல்லாம் நல்ல பழக்கங்களே. ஆனால் ‘உங்கள் ஊரின் காட்டை வெட்ட உங்கள் கிராம சபை ஒப்புதல் தந்ததா என்று கேளுங்கள்’ என்பது அப்பட்டியலில் எழுபத்தாறாவது செயலாகக்கூட வர வாய்ப்பில்லை. குழாயை மூடச் சொல்பவர்கள், குழாய்க்கு வரும் நீரை யார் உறிஞ்சுகிறார்கள் என்று கேட்கச் சொல்வதில்லை.

அப்படிக் கேட்டவர்கள் பிளாச்சிமடாவில் இருந்தார்கள். பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியில் 2000ஆம் ஆண்டு கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகளின் நீர் குறைந்தது. இருந்த நீரும் குடிக்கவோ சமைக்கவோ உதவாததாயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே மக்கள் ஓலைக்குடில் ஒன்றை அமைத்து அமர்ந்தனர். மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் முன்னின்றனர். உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்ததை 2003இல் பிபிசி வானொலி வெளிக்கொணர்ந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

இந்தப் பந்தல்களை நாம் எப்படி ஆய்வு செய்கிறோம்? முழக்கம், தலைமை, கோரிக்கை, வெற்றி தோல்வி என்று பிரித்துப் பதிகிறோம். அங்கே உலை வைத்தது யார், இன்று யார் முறை, கூலிவேலையை விட்டுவிட்டு வந்தவர் வீட்டில் அன்றிரவு என்ன சமைத்தார்கள் என்பன நம் வினாநிரலில் இடம்பெறுவதில்லை. கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து இடிந்தகரையில் 2011இல் எழுந்த பந்தலில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே உண்ணாநோன்பு இருந்தார்கள். கடலுக்குச் சென்ற மீனவர்கள் வருவாயில் ஒரு பங்கைப் போராட்டச் செலவுக்கு ஒதுக்கினார்கள். 1990ஆம் ஆண்டின் இறுதியில் பட்வானியிலிருந்து நடைபயணமாகப் புறப்பட்ட நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள், குஜராத் எல்லையிலுள்ள பெர்க்குவாவில் தடுக்கப்பட்டபோது, குளிர்காலத்தில் திறந்தவெளியிலேயே வாரக்கணக்கில் தங்கினார்கள். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில், ஹரிஹர்பூர் பந்தல் 2022 மார்ச்சில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இவ்வளவு காலம் ஒரு பந்தல் நிற்க வேண்டுமானால் முறை வைத்தல் வேண்டும், பொதுக்கணக்கு வேண்டும், குறைந்த பொருளில் நிறைந்த அளவு பேருக்குச் சோறு போடும் திறன் வேண்டும், சண்டையைத் தீர்க்கும் வழி வேண்டும். கூட்டுவாழ்வின் இலக்கணம் வேறென்ன?

பந்தல்கள் எதிர்ப்பதோடு நின்றுவிடுகின்றன, ஆக்கபூர்வமாக எதையும் தருவதில்லை என்பது நம் கருத்தரங்குகளில் தவறாமல் ஒலிக்கும் குறை. அப்படிச் சொல்வோர் பில்காவ் கதையை அறிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து மலைக்கிராமம் அது. நர்மதை இயக்கத்தினரும், கேரளத்திலிருந்து வந்த இளம் பொறியாளர்களும், ஊராரின் உடலுழைப்பும் சேர்ந்து 2003 ஜனவரியில் அங்கே 15 கிலோவாட் சிறு நீர்மின் நிலையத்தை இயக்கினார்கள். யாருடைய நிலத்தையும் மூழ்கடிக்காமல் எரிந்த விளக்குகள் அவை. 2006ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்நிலையம் நீரில் மூழ்கி அழிந்தது. சர்தார் சரோவர் அணை 121.92 மீட்டருக்கு உயர்த்தப்பட்டு வந்த ஆண்டு அது. அந்த இயக்கம்தான் மூழ்கவிருந்த கிராமங்களில் ‘ஜீவன்ஷாலா’ பள்ளிகளை நடத்தியது. குழந்தைகளுக்கு மராத்தியோடு அவர்களுடைய சொந்தப் பழங்குடி மொழிகளிலும் கற்பித்தது. ஆக்கம் இல்லாதிருந்ததா, ஆக்கியது அழிக்கப்பட்டதா என்பதைப் படிப்பவரே முடிவு செய்யட்டும்.

இனி, பந்தலைப் புறக்கணிப்போரை விட்டுவிட்டு, அதைக் கொண்டாடுவோரிடம் வருகிறேன். என் வாதத்தின் கடினமான பகுதி இதுதான். நம் துறைகளில் இப்போது ‘முன்னுருவாக்க அரசியல்’ என்ற கருத்தாக்கம் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. நாளை வரவேண்டிய சமூகத்தைப் போராட்டக் களத்தில் இன்றே வாழ்ந்து காட்டுவது என்பது அதன் சாரம். பிரான்சின் நோத்ர்-தாம்-தே-லாந்தில் விமான நிலையத்துக்கு எதிராக நிலத்தில் குடியேறியவர்களுக்கு இச்சொல் ஓரளவு பொருந்தலாம். அங்கே உள்ளூர் உழவர்களோடு, வேறொரு வாழ்வைத் தேடி வெளியிலிருந்து வந்தவர்களும் கைகோத்தார்கள். 2018 ஜனவரியில் விமான நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பின்னரும், ஏப்ரலில் காவற்படை வந்து குடில்களை இடித்தது. மாற்று வாழ்வே அரசுக்கு அச்சமூட்டியது என்று அதைப் படிக்க முடியும்.

ஹரிஹர்பூரில் அமர்ந்தவர்கள் புதிய வாழ்வை ஒத்திகை பார்க்க வரவில்லை. இருந்த வாழ்வு பறிபோகாதிருக்க வந்தார்கள். அவர்களுடைய பந்தல் நாளைய உலகின் ஆய்வுக்கூடமன்று. நேற்றிலிருந்து நீண்டுவரும் ஒரு வாழ்வின் கடைசி வேலி. அவர்களுக்கு அந்தப் பந்தலில் உட்கார விருப்பமே இல்லை. வயலுக்குப் போக வேண்டும், மகுவா பூப் பொறுக்கப் போக வேண்டும். பந்தலை அழகிய கூட்டுவாழ்வாக மட்டும் எழுதுகிறவர், அதில் அமர நேர்ந்த கொடுமையை மறைக்கிறார். இழந்த கூலி, படிப்பு நின்ற பிள்ளை, நீதிமன்றத்துக்கு அலைந்த பேருந்துக் கட்டணம் இவையெல்லாம் அந்த அழகின் விலை. அவ்விலையை நாம் கொடுப்பதில்லை. நமக்குக் கிடைப்பது கட்டுரை.

பந்தலைப் புனிதப்படுத்தவும் வேண்டா. ஊரில் இருக்கும் சாதி பந்தலிலும் இருக்கும். வீட்டில் சமைப்பவளே பெரும்பாலும் பந்தலிலும் சமைக்கிறாள். நிலமுடையவர் குரலும் நிலமற்றவர் குரலும் அங்கே ஒரே அளவில் கேட்பதில்லை. பழங்குடியினரின் அன்றாட வாழ்வுக்கும், இயற்கையின் காவலர்கள் என்று அறிவாளர்கள் அவர்களைப் பற்றி வரையும் சித்திரத்துக்கும் இடையிலுள்ள தொலைவை, நர்மதைக் கரையில் களப்பணி செய்த அமிதா பாவிஸ்கர் 1995ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதிவிட்டார். முப்பது ஆண்டுகள் கழிந்தும் நாம் அதே சித்திரத்துக்குப் புதுச் சட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அம்மக்களுடைய உரிமை அவர்களுடைய தூய்மையைப் பொறுத்ததன்று. அவர்கள் டிராக்டர் வாங்கினாலும், கைபேசியில் படம் பார்த்தாலும், காட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையதே.

அவ்வுரிமைக்கு என்ன நேர்ந்திருக்கிறது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, ஹஸ்தேவ் பகுதியிலுள்ள காட்பர்ரா கிராமத்துக்கு 2013இல் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. 2016 ஜனவரியில் நிர்வாகம் அதை ரத்து செய்தது. அவ்வுரிமையைக் காட்டி மக்கள் சுரங்கப் பணியைத் தடுக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். உரிமையைப் பயன்படுத்தியதே உரிமையைப் பறிக்கக் காரணமாயிற்று. 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளோ, கிராம சபையின் ஒப்புதலை உறுதிசெய்த பிறகே காட்டைத் திருப்பிவிட ஒன்றிய அரசு இசைய வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, அப்பொறுப்பை மாநிலங்களிடம் தள்ளிவிட்டன. அந்த ஆண்டு ஜூலையில் ஹஸ்தேவ் காட்டில் சுரங்கம் வேண்டா என்று சத்தீஸ்கர் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2023 டிசம்பரில் காவல்துறைப் பாதுகாப்போடு மரங்கள் வெட்டப்பட்டன. கிராம சபை சொல்லியும் சட்டமன்றம் சொல்லியும் கேளாத இடத்தில், மக்கள் பந்தல் போடாமல் வேறென்ன செய்வார்கள்?

பந்தலுக்கும் இடமில்லை என்பதே அடுத்த கட்டம். 2017 அக்டோபரில் தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. ஒலி மாசும் தூய்மைக்கேடும் குடியிருப்போரின் உரிமையைப் பாதிக்கின்றன என்பது காரணம். வறட்சி நிவாரணம் கேட்டுத் தமிழக உழவர்கள் மண்டையோடுகளோடு அமர்ந்திருந்தது அந்த ஆண்டில், அந்தத் தெருவில்தான். தெருவோரம் குடியிருப்போரின் இன்னலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சுற்றுச்சூழலைக் காக்கப் பிறந்த தீர்ப்பாயத்தின் பெயரால் வறட்சிக்கு எதிரான குரல் ஒலி மாசாக எண்ணப்பட்டதை என்னவென்று சொல்வது? 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த முழுத்தடையை நீக்கியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாட்டுக்கு மின்சாரம் வேண்டாவா, எல்லா ஊரும் மறுத்தால் நிலக்கரி எங்கிருந்து வரும் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அக்கேள்விக்கு விடை காண வேண்டிய இடத்தில் அதைக் கேட்க மறுத்தவர்கள் யார்? ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவது குறித்து அந்தந்தக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாவட்ட நீதிபதியின் முன்னிலையில் சபைகள் கூடின. அந்த ஆண்டிலேயே பன்னிரண்டு கிராமங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. மலை நிற்கிறது. கேட்கப்பட்ட இடத்தில் மக்கள் சபையில் அமர்ந்து பேசினார்கள். கேட்கப்படாத இடத்தில் சாலையோரம் அமர்ந்தார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மக்களின் பிடிவாதத்தில் தேட வேண்டா. ஆட்சியின் செவியில் தேடுங்கள்.

பந்தல் வென்றால் கதை முடிந்துவிடுவதுமில்லை. பிளாச்சிமடாவின் இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே மறைந்துவிட்டார். அப்போராட்டத்தை வைத்து உலகெங்கும் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குப் பட்டம் கிடைத்தது. ஊருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

ஆகவே சக ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் என் கோரிக்கைகள் இவை.

வளங்குன்றா வாழ்வைச் சுற்றுச்சூழல் அறிவியலிலும் மேலாண்மையிலும், போராட்டத்தைச் சமூகவியலிலும் வைத்துப் பிரிக்கும் பாடத்திட்டத்தை ஏற்காதீர்கள். இரண்டும் ஒரே பாடம். வன உரிமைச் சட்டத்தைப் படிக்காமல் ஒருவர் அத்துறையில் பட்டம் பெறுவது, உடற்கூறு படிக்காமல் மருத்துவர் ஆவதற்கு ஒப்பாகும்.

களத்துக்குச் சென்றால் முழக்கங்களோடு வரவுசெலவுக் கணக்கையும் எழுதுங்கள். எத்தனை நாள் கூலி போயிற்று, எத்தனை வழக்கு, அடுப்படியில் யார், பேச்சில் யார் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு நீதிமன்றத்திலும் இழப்பீட்டுக் குழுவிலும் அவர்களுக்குப் பயன்படும். நம் கோட்பாட்டுச் சொற்கள் பயன்படா. எழுதியதை அவர்கள் மொழியில் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் வளாகத்தின் பசுமைத் தரவரிசைக்குக் கையொப்பமிடும் முன், அந்த வளாகத்தில் மாணவர் கூடி அமர ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் சூரியத் தகடும், வாயிலில் கூட்டம் கூடத் தடை என்ற சுற்றறிக்கையும் ஒருசேர இருக்கும் வளாகத்தைப் பசுமை வளாகம் என்று அழைக்க நான் உடன்படவில்லை. மாறுபடுவோர் வாதங்களோடு வரலாம்.