சாட்சிகளா, வேடிக்கை பார்த்தோரா?

1981 ஜூலை 29 அன்று இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த சார்லஸ் - டயானா திருமணத்தை ஏறத்தாழ 75 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டதாகக் கணக்கிட்டனர். மணமகளின் ஆடை 25 அடி நீளம் தரையில் புரண்டதை இன்றும் வியந்து பேசுவோர் உண்டு. அன்று கேன்டர்பரிப் பேராயர் ராபர்ட் ரன்சி ஆற்றிய மறையுரை எத்தனை பேர் நினைவில் நிற்கிறது? தேவதைக் கதைக்கு ஏற்ற காட்சி இது என்று அவர் தொடங்கியதை மட்டும் உலகம் பற்றிக்கொண்டது. கதைகள் திருமணத்தோடு முடிந்துவிடும், கிறிஸ்தவருக்கோ அங்கேதான் பயணம் தொடங்குகிறது என்று அவர் தொடர்ந்ததைக் காற்றில் விட்டுவிட்டது. அவர் ஆங்கிலிக்கன் சபையினர்தாம். ஆயினும் நம் பீடத்திலிருந்தும் சொல்லத்தக்க சொல் அது.

எளியோர்க்குக் கிடைத்த ஒருநாள் மகிழ்ச்சியையும் பறிக்கலாமா எனச் சிலர் கேட்பர். மகிழ்ச்சியை நாம் குறைகூறவில்லை. மணவழிபாட்டில், தடை ஏதும் உண்டோ என்று சபையாரைக் கேட்பது ஏன்? அவர்கள் சாட்சிகள் என்பதால் அன்றோ! அந்த வாக்குறுதிக்கு அவர்களும் காவல். அரண்மனை மாடத்தின்கீழ் முத்தம் கேட்டு ஆர்ப்பரித்த மக்களோ, 1992இல் பிரிவும் 1996இல் மணமுறிவும் வந்தபோது, அக்கண்ணீரின் படங்களையும் அதே ஆவலோடு காசு கொடுத்து வாங்கினர்.

1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிசில் டயானா இறந்தார். அவரது வாகன ஓட்டுநரும், பின்தொடர்ந்த வாகனங்களை ஓட்டியோரும் பெருங்கவனக்குறைவுக்குப் பொறுப்பென 2008இல் இலண்டன் நடுவர் குழு தீர்ப்பளித்தது. படங்களை வாங்கியோரை எவர் விசாரித்தார்? 2011 ஏப்ரலில் அவர் மகனின் திருமணத்தன்று, அதே மாடத்தின்கீழ் மீண்டும் கூட்டம் திரண்டு முத்தம் கேட்டது.