குழிக்குள் இறங்கி ஒரு பரீட்சை

பரீட்சை என்றால் பெஞ்சு, காகிதம், நான்கு சுவர் என்றுதான் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒரு போட்டியில் பிள்ளைகள் குழிக்குள் இறங்குகிறார்கள். வெட்டிய குழியின் பக்கச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். மேல்மண் எத்தனை அங்குலம், அடிமண் என்ன நிறம், தண்ணீர் வடியுமா தேங்குமா என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாபோல் பிதுக்க வேண்டும். நீண்டு வந்தால் களிமண், உதிர்ந்தால் மணல். நம் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் குழியில் இறக்கிவிட்டால் பேராசிரியர்களையே திணற அடிப்பார்கள்!

1979-ல் பென்சில்வேனியா ராஜ்யத்தில் மண் பாதுகாப்பு வட்டாரங்கள் தொடங்கிய போட்டி இது. இப்போது ‘என்விரோதான்’ என்ற பெயரில் கனடா வரை பரவியிருக்கிறது. ஐந்து பேர் ஒரு குழு. மண், நீர், காடு, வனவிலங்கு ஆகிய நான்கும் நிரந்தரப் பாடங்கள். ஐந்தாவது பாடம் ஆண்டுதோறும் மாறும். ஓடையில் கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்க்கிறார்கள். சில பூச்சிகள் சுத்தமான நீரில்தான் பிழைக்கும். அவை இல்லாமல் புழு மட்டும் நெளிந்தால் நீர் கெட்டுவிட்டது என்று பொருள். பிறகு ஒரு சிக்கலைக் கொடுத்து, சில மணி நேரத்தில் திட்டம் தயாரித்து, நடுவர்கள் முன் வாய்விட்டு வாதாடச் சொல்கிறார்கள்.

நாம் இதை வரவேற்கிறோம். டாலர் வேறு, அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளை வேறு. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் படிப்பைவிட, கையில் மண் ஒட்டும் படிப்பு ஆயிரம் மடங்கு மேல். பல ஆண்டுகள் இந்தப் போட்டியின் பெயருக்கு முன்னால் ஒரு காமிரா கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அந்நாட்டு வழக்கம். பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த மண் பாதுகாப்பு வட்டாரங்கள் எப்படிப் பிறந்தன? லாபத்துக்காகப் புல்வெளியைக் கிழித்துக் கோதுமை போட்ட சமவெளிகளில், 1930-களில் மழை பொய்த்து மண் புழுதியாகப் பறந்தது. 1935-ல் அந்தப் புழுதி வாஷிங்டன் நகரம் வரை வந்தது. ஹ்யூ பென்னெட் என்ற மண் விஞ்ஞானி சட்டசபையில் வாதாடினார். அந்த ஏப்ரலிலேயே சட்டம் வந்தது. 1937 முதல் வட்டாரங்கள் அமைந்தன. நல்லது. அதே காலத்தில், சாகுபடியைக் குறைப்பதற்குச் சர்க்கார் கொடுத்த பணத்தைத் தெற்கே பருத்தி நிலச்சுவான்தார்கள் வாங்கிக்கொண்டு, குத்தகைக்காரனைக் குடிசையோடு வெளியே தள்ளினார்கள்.  1934-ல் ஆர்க்கன்ஸாஸில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து தாமே சங்கம் கட்டினார்கள்.

பென்சில்வேனியாவுக்கே வருவோம். மொனங்கஹேலா ஆற்றங்கரையில் டொனோரா என்ற ஊர். அங்கே எஃகு ஆலையும் துத்தநாக ஆலையும் இருந்தன. 1948 அக்டோபர் கடைசியில் காற்று அசையாமல் நின்றது. மலைகளுக்கு நடுவே மூடுபனி பானை மூடிபோல் உட்கார்ந்தது. உலைகளோ தொடர்ந்து புகையைக் கக்கின! 20 பேர் மாண்டார்கள். சுமார் 14,000 பேர் வாழ்ந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிப் படுத்தார்கள். தெய்வச் செயல் என்றது கம்பெனி. தெய்வமா உலைக்குக் கரி போட்டது?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த நாடு ஊர்க்காற்றைப் பற்றி மேலும் கவலைப்படத் தொடங்கியது. ஆனால் ஊர் ஐந்து நாள் சுவாசித்த புகை, உலை முன் நின்றவனுக்கு ஷிப்டுதோறும் கிடைத்த புகை அல்லவா? துத்தநாகப் புகையை இழுத்தவனுக்கு வேலை முடிந்து வீடு போனதும் குளிர்க்காய்ச்சல் வரும். வைத்திய நூல்களிலேயே இருக்கிறது. பஞ்சாலைத் தோழர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். விடுமுறை கழித்து ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சை இறுக்குகிறதே, அது பஞ்சுத் தூசியின் வேலை. அமெரிக்காவில் அந்தத் தூசிக்கு வரம்பு கட்டும் விதி 1978-ல், அதாவது இந்தப் போட்டி பிறப்பதற்கு முந்திய ஆண்டில்தான், வந்தது. அதையும் எதிர்த்து முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள், 1981-ல் தோற்றார்கள்.

ஓடையின் பூச்சிக்கு மூச்சுத் திணறுவதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். சரிதான். அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு மூச்சுத் திணறுவது எந்தப் பாடத்தில் சேரும்? ஆலையின் வெளிச்சுவரோடு சுற்றுச்சூழல் முடிந்துவிடுகிறதா? நிரந்தரப் பாடங்கள் நான்கிலும் தொழிற்கூடம் இல்லை.

ஐந்தாவது பாடம்தான் ஆண்டுதோறும் மாறுகிறதே! ஓர் ஆண்டு அது உலைக்கூடத்தின் காற்றாக, நூற்பாலையின் தூசியாக இருக்கட்டும். பிள்ளைகள் குழிக்குள் இறங்குவதுபோல் ஆலைக்குள்ளும் இறங்கி அளக்கட்டும். நடுவர்கள் வரிசையில் ஒரு நாற்காலியை, நெஞ்சில் தூசியோடு ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளிக்குப் போடட்டும்.