வெற்றி விகிதம் யாருக்கு வேண்டும்?

சாதி மறுப்புத் திருமணங்களில் எத்தனை நிலைக்கிறது, எத்தனை விவாகரத்தில் முடிகிறது என்று ஆய்வு செய்யக் கிளம்பியிருக்கும் தோழர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். சொந்தச் சாதிக்குள் நடக்கும் திருமணங்களின் 'வெற்றி விகிதம்' என்ன என்று உங்கள் துறையில் யாராவது ஆய்வேடு எழுதியிருக்கிறார்களா?

இந்தக் கேள்வி வகுப்பறையில் பிறந்தது அல்ல. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். இளவரசன் ஒரு வன்னியர் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்பதுதான் காரணம். அடுத்த மாதமே பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் தலித் அல்லாத சாதி அமைப்புகளைக் கூட்டிவைத்து, நம் பையன்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊர் ஊராகப் போனது. நாடகம் என்பதால் நிலைக்காது, நிலைக்காததால் நாடகம். இந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் நாமும் டேட்டா தேடுகிறோம்.

சரி, டேட்டாவையே பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர், திருமணமானவர்களில் 0.24 சதவீதம். விவாகரத்து வாங்காமலேயே பிரிந்து வாழ்பவர்கள் 0.61 சதவீதம், அதாவது இரண்டரை மடங்கு. அம்மா வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டு, 'அவரு வெளியூர்ல வேலையா இருக்காரு' என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பெண் இந்த இரண்டிலும் வரமாட்டாள். படிவத்தில் அவள் 'திருமணமானவர்'. வெற்றிக் கணக்கு! 2022-ல் மட்டும் 6,400-க்கு மேற்பட்ட வரதட்சணைச் சாவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் பதிவாகியுள்ளன. 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி சாதி தாண்டிய திருமணம் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். அப்படியானால் அந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை எந்த வகைத் திருமணத்தில் நடந்திருக்கும்? அதை வைத்து 'சாதிக்குள் கட்டினால் உயிருக்கு ஆபத்து' என்று எந்தச் சங்கமும் மாநாடு போடவில்லை.

இப்போது நம் பக்கம். விருத்தாசலம் அருகே 2003-ல் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். இருவருமே செத்த பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் அந்தத் திருமணம் இல்லை. உடுமலை சங்கரை 2016 மார்ச் 13 அன்று நடுத்தெருவில் வெட்டினார்கள், திருமணமாகி எட்டே மாதம். அவர் துணைவிக்குப் படிவம் வைத்திருந்த கட்டம் 'விதவை'. பதிவு செய்வதற்கு முன்பே காரில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகப்படும் பெண் 'திருமணம் ஆகாதவர்'. இளவரசனைப் பிரிந்த அந்தப் பெண் 2013 ஜூலை 3 அன்று, இனி அவரோடு வாழப்போவதில்லை என்றார். மறுநாள் தண்டவாளம் அருகே இளவரசனின் உடல். ஊர் எரிந்து, அப்பா செத்து, நாள்தோறும் மிரட்டலுக்கு நடுவே எடுத்த அந்த முடிவை 'தோல்வி' என்று எழுதுபவர்கள் கொளுத்தியவர்களின் வேலையைக் காதலர்களின் பேரில் எழுதுகிறார்கள்.

(அரசு இன்னும் 'கலப்புத் திருமணம்' என்றே சொல்கிறது. கலப்படம் செய்ய நாம் என்ன பாலா?)

நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. 'எங்கள் திருமணங்கள் உடையவே உடையாது' என்று மேடையில் மார்தட்டுகிறோம். அதன் பாரம் யார் தலையில் விழுகிறது? புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான், பிறந்த வீட்டுக் கதவு என்றைக்கோ சாத்திவிட்டது, உதவிக்கு நம்மிடம் வருகிறாள். 'நீ பிரிஞ்சா அவனுங்க சிரிப்பானுங்கம்மா, கொஞ்சம் பொறுத்துப் போ' என்று நம் தோழர்களே சொல்லி அனுப்புகிறார்கள். இது ஊர்ப் பஞ்சாயத்து சொல்லும் அதே வாக்கியம்தான், நீலத்துண்டு மட்டும் வேறு.

1936-ல் சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணம் என்று எழுதிய அதே அம்பேத்கர்தான், இந்துச் சட்ட மசோதாவில் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை வேண்டும் என்றும் நின்றார். அந்த மசோதா முடக்கப்பட்டபோது 1951-ல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். சேரவும் உரிமை, விலகவும் உரிமை. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே ஆய்வு செய்யுங்கள், ஆனால் கேள்வியை மாற்றுங்கள். யார் மிரட்டினார்கள், காவல் நிலையத்தில் பெண்ணை யாரோடு அனுப்பினார்கள், வாடகைக்கு வீடு கிடைத்ததா, 2018 சக்தி வாகினி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன பாதுகாப்பு இல்லம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது, பிரிய நினைத்த பெண்ணுக்குப் போக இடம் இருந்ததா.

2027 கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் சாதியையும் கேட்கப் போகிறார்கள். உடனே 'சாதி மறுப்புத் திருமணங்களின் விவாகரத்து விகிதம்' என்று யாராவது ஒரு படம் வரைந்து வாட்ஸ்அப்பில் விடுவார்கள். பிரிந்தவர்கள் இரண்டு வீடுகளில், இரண்டு படிவங்களில் இருப்பார்கள். முன்னாள் துணையின் சாதியை எந்தப் படிவத்திலிருந்து எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.