கோளாறு பேட்டரியிலா, சாவியிலா?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் பேட்டரி என்பார், இன்னொருவர் செல்ஃப் மோட்டார் என்பார். டாஷ்போர்டில் சாவி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்குவதை யாராவது பார்த்துவிட்டால், "இம்மொபிலைசர் போச்சு, இசிஎம் மாத்தணும்" என்று தீர்ப்பே வந்துவிடும். இம்மொபிலைசர் என்பது சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு; இசிஎம் என்பது எஞ்சினை இயக்கும் கணினி. பழைய காருக்கு அதை மாற்றுவது பெரிய செலவு, பல நேரம் வீண் செலவும்கூட.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே புகாருக்குள் வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? செல்ஃப் நன்றாக அடித்தும் எஞ்சின் பிடிக்கவில்லையா? பிடித்து, ஓரிரு நொடியில் அணைந்துவிடுகிறதா? முதல் இரண்டும் பெரும்பாலும் பேட்டரி, எர்த், செல்ஃப் பக்கத்துக் கோளாறுகள். பின்னிரண்டில்தான் எரிபொருள், இக்னிஷன், இம்மொபிலைசர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சில மாடல்களில் இம்மொபிலைசரே செல்ஃபைத் தடுக்கும் என்பதால் இது முழு விதி அல்ல. ஆனாலும் மெக்கானிக்கிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த வகையானாலும் பேட்டரியிலிருந்து தொடங்குவதே முறை. இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டரை வைத்தால், நல்ல சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறுக்கு மேல் வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால், பலர் கவனிக்காத எர்த்தைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் கேபிளின் முனையில், போல்ட்டுக்கு அடியில், பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கும். வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துவிட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் போதும். புது செல்ஃப் மோட்டார் வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வோல்டேஜ் குறைந்தால் கணினிகளும் தடுமாறும். செல்ஃப் இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் மிகவும் விழுந்தால், சாவியை அடையாளம் காணும் பெட்டி தன் வேலையைச் செய்ய முடியாமல் போய், இம்மொபிலைசர் விளக்கு மினுக்கக்கூடும். விளக்கைப் பார்த்து மிரளாமல், பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால், காரோடு வந்த ஆடியோ பிளேயர் பின்னர் ரகசிய எண் கேட்குமா என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சாவிக்கு வருவோம். 1986இல் அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட்டில் சாவியின் தண்டில் ஒரு ரெசிஸ்டரைப் பதித்தார்கள். அதன் மதிப்பு சரியாக இருந்தால்தான் செல்ஃப் அடிக்கும். பிறகு சிப் சாவி வந்தது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. சிப் சாவியின் தலைக்குள் சிறிய சிப் ஒன்று இருக்கும். சாவி போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில்தான் அதற்கு மின்சக்தி தருகிறது. சிப் தன் எண்ணைச் சொல்லும், கார் சரிபார்க்கும், பிறகே எரிபொருளும் ஸ்பார்க்கும் கிடைக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, இந்த வகைச் சாவிகளின் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. ரிமோட்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்தால் பூட்டு திறக்காது, ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். இரண்டு, கடையில் சும்மா வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், செல்ஃபையும் அடிக்கலாம், எஞ்சின் மட்டும் பிடிக்காது. தேய்ந்த சாவிக்குப் புது உறை மாற்றும்போது அந்தக் குட்டி சிப் பழைய உறையோடு குப்பைக்குப் போய்விடுவதும் உண்டு. சந்தேகமானால் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவிக்கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல மாடல்களில் இக்னிஷனை ஆன் செய்ததும் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால் கார் சாவியை ஏற்றுக்கொண்டது என்று பொருள். விடாமல் மினுக்கினால் ஏற்கவில்லை. உங்கள் காருக்கான விவரம் கையேட்டில் இருக்கும்.

நம் ஊர் பழைய கார்களில் நான் அதிகம் சந்தேகப்படுவது கம்பெனி இம்மொபிலைசரை அல்ல, ஆக்சசரீஸ் கடையில் பின்னால் மாட்டிய அலாரத்தைத்தான். திருட்டைத் தடுக்க செல்ஃப் வயரையோ இக்னிஷன் வயரையோ வெட்டி, நடுவில் ஒரு ரிலே வைத்திருப்பார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள்: சோல்டர் வைக்காமல் கையால் முறுக்கிய இணைப்பு, வெயிலில் பசை உருகி நழுவிய கருப்பு டேப். இன்று ஸ்டார்ட் ஆகி, நாளை ஆகாமல், மேடு பள்ளத்தில் குலுங்கியதும் திடீரென அணையும் கார்களில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். சாவியைத் திருப்பும்போது செல்ஃபுக்குப் போகும் மெல்லிய வயரில் டெஸ்ட் லாம்ப் எரியாவிட்டால், வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது என்று பொருள். எலி கடித்த வயரும் இதே அறிகுறியைத்தான் காட்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக்குக்கு உரியது.

கோளாறான அலாரத்தை முறையாக அகற்றி, வெட்டிய வயரை சோல்டர் வைத்து இணைப்பதில் தவறில்லை. கம்பெனி இம்மொபிலைசரையே பைபாஸ் செய்து தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்தக் காரை எடுத்துப்போக அதன் பிறகு இரண்டு வயர் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கையில் ஒரே ஒரு சிப் சாவி வைத்திருப்பவர்கள், அது வேலை செய்யும்போதே இரண்டாவதைப் பதிவு செய்துவிடுங்கள். எல்லாம் தொலைந்த பிறகு செய்தால் செலவும் அலைச்சலும் பல மடங்கு. பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவிகளையும், சாவி எண் பொறித்த சிறு தகட்டையும் கேட்டு வாங்குங்கள். கார் திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பதும் அந்த இரண்டு சாவிகளைத்தான்.